திருவாதிரைக் களி

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வாழ்க்கைப்பட்டு வரும் நம் பெண்களுக்கு முதல் மார்கழியிலேயே ஒரு குழப்பம் காத்திருக்கும். பக்கத்து வீட்டுச் சேச்சி வாசலில் நின்று, "நாளைக்குத் திருவாதிரைக் களி உண்டு, வரணும் கேட்டோ" என்று கூப்பிடுவார். புதுப்பெண் உள்ளே போய்ப் பச்சரிசியைச் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, பாசிப்பருப்பு, வெல்லப்பாகு, தேங்காய்ப்பூ, ஏலக்காய், நெய் எல்லாம் சேர்த்துக் கிண்டித் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போவாள். அங்கே இலை போட்டிருக்காது. நிலவிளக்கை ஏற்றி நடுவில் வைத்து, செட்டு முண்டு உடுத்து, கொண்டையில் மல்லிகை வைத்த எட்டுப் பத்துப் பெண்கள் சுற்றி நின்றிருப்பார்கள். மலையாளத்தில் களி என்றால் ஆட்டம். அதே நட்சத்திரம்தான், நமக்கு மார்கழி, அவர்களுக்குத் தனு மாதம்.

போசியைப் பார்த்து எல்லாரும் சிரித்து, ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டு, வட்டத்திலும் இடம் விடுவார்கள். மனசு நிறைந்துதான் போகும். சுருக்கென்று தைப்பது அதற்கப்புறம். முதல் கைதட்டலில் நம் ஆள் கை மட்டும் ஓங்கி விழும். பத்துத் தலையும் திரும்பும். "பதுக்கெ, பதுக்கெ", மெல்ல, மெல்ல என்பார் முன்னால் ஆடுகிறவர்.

அவர் சொல்வதில் தப்பில்லை. திருவாதிரைக் களியில் இடுப்பு வளைவும் முழங்கால் மடிப்பும் பாட்டோடு இழைந்து வர வேண்டும். கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீண்டு, கடைசியில் பூப்போலச் சேரும். சேர்வதுதான் முக்கியம், சத்தம் அல்ல. நம் பெண்கள் பழகி வந்தது கும்மி, கும்மியில் கைதான் மேளம். களத்தில் தவிலோ உறுமியோ இல்லாத நாளிலும் இருபது ஜோடி உள்ளங்கை இருந்தால் ஆட்டம் நடக்கும். கையைக் குவித்து அடித்தால் 'கும்' என்று அடங்கிய ஒலி வரும், விரல்களை விரித்து அடித்தால் 'சட்' என்று தெறிக்கும். நல்ல கும்மிக்காரிகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். பெரும்பாலான மெட்டு தகிட, தகிட என்று மூன்று மூன்றாகப் போகும். கையும் காலும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் வட்டம் நகரும். அப்படிப் பழகிய கையை மெல்ல வை என்றால் அது எங்கே போகும்?

பல பெண்கள் அத்தோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள். பொறுத்து நிற்பவர்களுக்கு ஒன்று கிடைக்கும். திருவாதிரைக் களி ஒரே பாட்டில் முடிவதில்லை. வந்தனத்தில் தொடங்கி, பதம், குறத்தி, வஞ்சிப்பாட்டு, கும்மி, கடைசியில் மங்களம் என்று படிப்படியாகப் போகிறது. ஆமாம், அவர்களிடமும் கும்மி இருக்கிறது, பெயரும் அதேதான். அங்கே வேகம் ஏறும், பெண்கள் ஜோடியாகத் திரும்பி எதிரில் இருப்பவர் கையோடு கை கொட்டுவார்கள். அதுவரை பின்தங்கி நின்ற தமிழ்ப்பெண் அந்த இடத்தில் வட்டத்தையே இழுத்துக்கொண்டு போவதை இந்தப் பக்கத்தில் பார்க்கலாம். இந்தப் பாட்டுகளில் ஒரு பகுதியை எழுதியவரும் ஒரு பெண்தான்: மலையாளப் பாட்டுக் கவி இரயிம்மன் தம்பியின் மகள், 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் குட்டிக்குஞ்ஞு தங்கச்சி.

அது சில நிமிஷம்தான். முழு ராத்திரிக்கும் நம் கை ஓங்கி விழ வேண்டுமானால் தனியாக ஒரு கும்மிக் குழு வேண்டும். அதற்கு முதல் தடை ஆட்டம் தெரியாதது அல்ல, சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதது. இதற்கு இந்த மண்ணிலேயே ஒரு வழி உண்டு. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் திட்டத்தில், அயல்கூட்டம் எனப்படும் அக்கம்பக்கத்துச் சுய உதவிக் குழுவில் 10 முதல் 20 பெண்கள் இருப்பார்கள். வாரக் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் எந்த மாமியாரும் தடுப்பதில்லை. சிட்டையும் சேமிப்பும் வீட்டுக்குத் தெரிந்த விஷயம். கூட்டம் முடிந்ததும் அதே முற்றத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி வைத்தால் புதிதாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வயசுக்கு வந்ததும் பயிற்சியிலிருந்து நிறுத்தப்படும் பிள்ளைகள்தான் அதிகம். வட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் மகள் என்று ஒன்று விட்டு ஒன்றாக நிறுத்தினால் அந்தப் பேச்சு எழுவதில்லை. கோயில் நோன்பிக்கு ஆடப் போய் வரும் பணத்தையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, ஆடியவர் கணக்கிலேயே போட வேண்டும். வேறு யாராவது கையில் வாங்கினால் அடுத்த வருஷம் குழு இருக்காது.

வள்ளி, முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியை ஒரு காலத்தில் ஆண்களே ஆடினார்கள். கோவைப் பக்கத்தில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அந்த வழக்கத்தை மாற்றிய ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்றைக்குப் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம் பாட்டியும் பேத்தியும் ஒரே நிறப் புடவையில், ஒரே சலங்கையில் ஆடுகிறார்கள். எல்லையிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரம்தான்.

குழு சேர்ந்தபின் தவறுவது பெரும்பாலும் அளவில். கையை வீச ஒரு ஆளுக்கு நாலடி வேண்டும். 24 பேர் என்றால் வட்டத்தின் குறுக்களவு 30 அடிக்குக் குறையக் கூடாது. திருவாதிரைக் களிக்குப் பழகிய மேடையில் பத்துப் பேருக்கு 13 அடி போதும், அதில் நம் வட்டத்தை அடைத்தால் முழங்கை இடிக்கும். அளவு சரியாக இருந்தாலும் வேகம் ஏற ஏற வட்டம் சுருங்கும். உள்ளே குனிந்து எடுத்து வைக்கும் எட்டு, நிமிர்ந்து வெளியே வைக்கும் எட்டைவிடப் பெரிதாகிவிடுவதுதான் காரணம். வெளி வரிசைக்குக் கோலப்பொடியில் ஒரு கோடு இழுத்து, நிமிரும்போதெல்லாம் குதிகால் கோட்டைத் தொட வேண்டும் என்று பழக்கினால் சரியாகும். நடுவில் விளக்கு இருந்தால் இந்தச் சுருக்கம் ஆபத்து. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகாமல் யாரையும் வட்டத்துக்குள் விடக் கூடாது. கண்ணாடி வளையலையும் கல் மோதிரத்தையும் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும், ஓங்கிக் கொட்டும்போது உடைந்து கிழிக்கும். சிமெண்டுத் தரையில் குதிகாலை இடித்து ஆடினால் நாலாம் நாள் நடக்க முடியாது, முன்பாதத்தில் இறங்கப் பழக வேண்டும். ஆடிக்கொண்டே பாடினால் மூச்சு வாங்கும், அதனால் பாட்டில் ஓரடியைப் பாதி வட்டமும் அடுத்த அடியை மறுபாதியும் பாட வேண்டும். ரெக்கார்டு போட்டு ஆடுவதை மட்டும் முதல் வருஷம் தொடவே கூடாது. ஒரு எட்டு தவறினால் பாடுகிற அக்கா அந்த அடியையே திரும்ப எடுப்பார், ரெக்கார்டு நிற்காமல் போய்விடும்.

இப்போது ஊர் பழகிவிட்டது. ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம் தடையில்லாமல் வருகிறது, ஓணத்துக்குப் பூக்களம் போடக் கை தயங்குவதில்லை. தனு மாதம் தாண்டித் தை பிறந்ததும்தான் ஏதோ ஒன்று இழுக்கும். இங்கே திருவாதிரை ராத்திரியில் பாதிராப்பூ சூடுகிறார்கள். அங்கே, பிறந்த ஊரில், பூப்பறிக்கிற நோன்புக்கு ஆவாரம்பூ. சாணிப்பிள்ளையாரை நடுவில் வைத்துப் புள்ளைகள் கும்மி கொட்டி, கடைசியில் ஆற்றில் விடுவார்கள். அந்த ஈர மண்ணில் கால் சத்தமே கேட்காது. கை மட்டும் கேட்கும்.

கேரளப் பள்ளிக் கலோத்ஸவத்தில் 2025இல் இருளர் நிருத்தம் உள்படப் பழங்குடிக் கலைகள் போட்டிக்கு வந்துவிட்டன. அட்டப்பாடிப் பிள்ளைகள் மேடையேறியது இந்த ஜில்லாவுக்கே பெருமை. தனிக் கும்மிக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும், கேட்க வேண்டியது நாம்தான்.

அதுவரை பிள்ளைகள் பாட்டை மறக்காமல் இருக்க வேண்டும். மலையாள மீடியத்தில் படிக்கிறவர்கள் கும்மிப்பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். வள்ளி வந்தால் சிக்கல் இல்லை, தினை வந்தாலும் இல்லை. 'தங்கம்' வந்தால் மாட்டிக்கொள்ளும். மலையாளத்தில் அதைப் படித்தால் ககரம் வல்லென்று விழும், தமிழில் மெல்லென்று போக வேண்டும். மெட்டு அந்த இடத்தில் இடறும். அப்படி வரும் எழுத்துக்கெல்லாம் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொடுத்தால் போதும். 'கொங்கு' என்ற சொல்லுக்கும் புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.