இடக்கைக்கு ஒரு துவக்கு

நோர்வேயின் உட்பகுதியில், குளொம்மா ஆற்றை ஒட்டிய எல்வெரும் நகருக்குக் கொஞ்சம் வடக்கே எங்கள் வீடு. ஒஸ்லோவில் இருக்கிற உறவுகள் வந்தால் ஒரு நாளைக்கு மேல் தங்குவதில்லை. கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை, சுற்றிவர ஸ்புரூஸும் பைனும்தான். எனக்கோ இந்த ஊரும் ஆட்களும் பிடித்துப்போய்விட்டார்கள். ஆனால் வாசலில் தலையாட்டிவிட்டுப் போகிற அளவைத் தாண்டி அவர்களோடு பழகப் பல வருடம் பிடித்தது. அந்தப் பழக்கம் நெருக்கமானது எல்க் வேட்டையால்.

எல்க் இந்தக் காடுகளின் பெரிய மான். நம்மூர் மரை அதன் பக்கத்தில் நின்றால் கன்று மாதிரித் தெரியும். நாடு முழுவதும் ஆண்டுக்குப் பல்லாயிரம் எல்க் சுடப்படுகின்றன. சுடாமல் விட்டால் இளம் பைன் கன்றுகளைத் தின்று தீர்க்கும், பனிக்காலத்தில் தெருவிலும் ரோரோஸ் ரயில் பாதையிலும் வந்து நிற்கும். வேட்டை உரிமை நிலத்துக்குச் சொந்தக்காரருடையது. எத்தனை சுடலாம் என்பதைக் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி சபை, தீர்மானிக்கும். தனியாக யாரும் போவதில்லை, குழுவாகத்தான். தலைவர் ஒருவர் இருப்பார், ஒவ்வொருவருக்கும் நிற்க ஓர் இடம் குறித்துக் கொடுப்பார், நாயோடு ஒருவர் காட்டுக்குள் நடப்பார். செப்டம்பர் 25 நெருங்கினால் ஊரில் வேறு பேச்சே கிடையாது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்கூட, நடக்க முடியாத தாத்தாக்கள் யன்னல் பக்கம் கதிரையைத் தள்ளச் சொல்வார்கள்.

அங்கே கட்டடப் பராமரிப்பைப் பார்ப்பவர் ஒரு குழுவின் தலைவர். ஆரம்பத்தில் துவக்கு இல்லாமல் நாய்க்காரரோடு நடந்தேன், சுட்டதை இழுத்துவரக் கை கொடுத்தேன், கொட்டிலில் தோல் உரிக்கப் பழகினேன். பிறகு ஒரு நாள் அவர் சொன்னார், "நீயும் பரீட்சை எடு. எங்களுக்கு ஆள் காணாது."

சட்டென்று சரி சொல்ல முடியவில்லை. துவக்கு என்றால் எனக்கு மணல்மூட்டைக்கு மேலால் நீண்டுகொண்டிருக்கும் குழல்தான். சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தபடியே சோதனைச் சாவடியைக் கடந்த வயது எனக்கு உண்டு. ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சொன்னபோது, "உதுக்குப் பயந்துதானே அங்க போனனீ? இப்ப காசு குடுத்து வேண்டப் போறியோ?" என்று கேட்டா. அந்தக் கேள்வி நியாயமானது. பதில் வகுப்பில்தான் கிடைத்தது.

யேகர்ப்ரோவன் என்பது வேட்டைக்காரருக்கான பரீட்சை. அதற்கு முன் குறைந்தது 30 மணி நேர வகுப்பு. விலங்குகள், சட்டம், ஆயுதம், வெளிப்பயிற்சி எல்லாம் உண்டு. கடைசியில் 50 கேள்வி. முழு வகுப்பிலும் எனக்குப் பதிந்தது, எப்போது சுடக்கூடாது என்பதைத்தான் அதிக நேரம் படிப்பித்தார்கள் என்பது. விலங்குக்குப் பின்னால் மண்மேடு தெரியாவிட்டால் சுடாதே. தாயும் கன்றும் நின்றால் கன்று முதலில், இல்லாவிட்டால் தாயில்லாக் கன்று பனியில் சாகும். காயப்பட்டு ஓடினால் தேடிப் பிடிக்கப் பயிற்சி பெற்ற நாய் அழைத்தால் கிடைக்க வேண்டும், அது சட்டம். குழல் எப்போதும் யாரையும் நோக்கக்கூடாது. ஒரு துவக்கைச் சுற்றி இவ்வளவு கட்டுப்பாடு இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது. சரி, இதில் என்னால் நிற்க முடியும் என்று அங்கே முடிவெடுத்தேன்.

அப்புறம் வந்த சிக்கல் என் கை. நான் பிறவியிலேயே இடக்கைக்காரன். சாப்பாட்டையும் எழுத்தையும் அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள். மாங்காய்க்குக் கல்லெறிவது, கிரிக்கெட் பந்து, சுத்தியல் எல்லாம் இடக்கையிலேயே நின்றுவிட்டன. கண்ணும் அப்படித்தான். கையை நீட்டிப் பெருவிரலால் தூரத்து மரத்தை மறைத்துவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், இடது கண் திறந்திருக்கும்போது விரல் மரத்தின் மேலேயே நிற்கும், வலதைத் திறந்தால் விலகும். குறி பார்க்கும் கண் இடது. அதை யாரும் அடித்து மாற்ற முடியாது.

சுடும் திடலில் தலைவரின் வலக்கைத் துவக்கால்தான் பழகினேன். போல்ட் துவக்கில் ஒவ்வொரு ரவைக்கும் பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, இறக்க வேண்டும். அந்தப் பிடி வலப்பக்கம். இடத்தோளில் வைத்துச் சுடுபவன் ஒன்றில் விசைக்கையை எடுத்துத் துவக்குக்கு மேலால் வளைக்க வேண்டும், அல்லது தாங்கும் கையை விட வேண்டும். இரண்டிலும் துவக்கு தளரும். அதைவிட முக்கியம், சுட்ட ரவையின் வெற்றுக் கோது பறக்கும் வாசலும் வலப்பக்கம், அதாவது என் முகம் இருக்கிற பக்கம். ரவையின் கோது எப்போதாவது பிளந்தால் சூடான வாயு அந்த வழியாலும் வரலாம். "வலக்கைத் துவக்கிலேயே சமாளிக்கலாம், எத்தனையோ பேர் சமாளிக்கிறார்கள்" என்று சிலர் சொன்னார்கள். சமாளிக்கலாம்தான். வாழ்நாள் முழுக்கச் சமாளித்தவன் என்பதால் இதிலாவது வேண்டாம் என்று நினைத்தேன்.

ஹாமாரில் ஒரு கடை. வலக்கைத் துவக்குகள் சுவர் நீளத்துக்கு நின்றன. இடக்கைக்கு மூலையில் கொஞ்சம். என் காசுக்கும் தேவைக்கும் பொருந்தியவை இரண்டு. ஒன்று டிக்கா டி3எக்ஸ் லைட், பின்லாந்தில் ரீஹிமாகி நகரில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது. மற்றது பிரௌனிங் எக்ஸ்-போல்ட். பெயர் அமெரிக்கப் பெயர், செய்வது ஜப்பானில் மிரோகு தொழிற்சாலை. இரண்டும் .308 என்ற ரவைக்கு. இரண்டும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் கண்ணாடி இல்லாமல் 3 கிலோவை ஒட்டிய பாரம். இரண்டின் குழல் முனையிலும் சைலன்சர் பூட்டத் திருகு மரை வெட்டியிருந்தது. இங்கே வேட்டைக்குச் சைலன்சர் சாதாரணம், காதுக்கும் நாய்க்கும் நல்லது.

குழுவில் உள்ள வயதானவர்கள் 6.5x55 என்ற ரவையில் உயிரையே வைத்திருக்கிறார்கள். 1894இல் நோர்வேயும் சுவீடனும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ரவை அது, தாத்தா காலத்திலிருந்து எல்க் விழுத்தியது. அதை வாங்கு என்று வற்புறுத்தினார்கள். 10 கிராமுக்கு மேற்பட்ட ரவை 100 மீட்டரில் குறைந்தது 2,200 ஜூல் சக்தியோடு போக வேண்டும் என்பது பெரிய விலங்குக்கான சட்டம். 11.7 கிராம் .308 அதைத் தாராளமாகத் தாண்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை.

யோசித்தது டிக்காவா பிரௌனிங்கா என்பதில்தான். கம்பளிக் கையுறையைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். ஒக்டோபரில் காலை ஐந்தாறு மணி நேரம் அசையாமல் நின்ற பிறகு இருக்கும் கைதான் துவக்கைப் பிடிக்கப் போகிறது, கடையின் சூட்டில் இருக்கும் கை இல்லை. அனுமதி கேட்டு, வெற்றுத் துவக்குதானா என்று கடைக்காரரும் நானும் தனித்தனியே பார்த்துக்கொண்டு, கூரையோரத்தை நோக்கித் தோளில் வைத்தேன்.

டிக்காவின் போல்ட்டை இழுத்தவுடன் ஏன் குழுவில் பாதிப் பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியது. எண்ணெயில் வழுக்குகிற மாதிரி எங்கும் தட்டாமல் ஓடியது. விசை சுத்தமாக, இழுபறி இல்லாமல் விட்டது. பிடியை 70 பாகை தூக்க வேண்டும். பிரௌனிங்கில் 60 பாகைதான். பத்துப் பாகை என்ன பெரிது என்று தோன்றும். ஸ்கோப் பூட்டிய துவக்கில் கையுறை விரல் ஸ்கோப்பின் பின்முனையில் உரசுவதும் உரசாததும் அந்த இடைவெளியில்தான். டிக்காவில் விரல் தொட்டுத் தொட்டுப் போனது, பிரௌனிங்கில் தொடவில்லை. ஓட்டத்தின் மென்மையில் டிக்காவே முந்தி. மகசினில் டிக்காவுக்கு மூன்று ரவை, பிரௌனிங்குக்கு நான்கு. எல்க்குக்கு மூன்று போதும்.

வித்தியாசம் பூட்டில் இருந்தது. டிக்காவின் பாதுகாப்புப் பூட்டு போல்ட்டுக்குப் பக்கத்தில். பின்னுக்கு இழுத்தால் விசையும் போல்ட்டும் சேர்ந்தே பூட்டும். நல்ல விஷயம், புதருக்குள் நடக்கும்போது போல்ட் தானாகத் திறக்காது. ஆனால் குழலின் பின்னறையில் இருக்கும் ரவையை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். அதாவது சுடத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்த பிறகே இறக்கலாம். பிரௌனிங்கில் பூட்டு துவக்குப் பிடியின் கழுத்தில், பெருவிரல் தானாக விழும் இடத்தில். அதுவும் போல்ட்டைப் பூட்டும். ஆனால் போல்ட் பிடி தொடங்கும் இடத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. பூட்டைத் திறக்காமலே அதை அமுக்கிப் போல்ட்டைத் தூக்கி ரவையை எடுத்துவிடலாம். கையுறையோடு அந்தப் பொத்தான் அகப்படுமா என்று கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அகப்பட்டது.

கடைக்காரர் டிக்காவுக்கு வாதாடினார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இங்கே எல்லோரும் நிற்குமிடத்துக்குப் போன பிறகுதான் ரவை ஏற்றுவார்கள், வெறுந்துவக்கோடுதான் நடப்பார்கள், குழல் மண்ணைப் பார்த்தபடி இறக்கினால் எந்தப் பூட்டாக இருந்தால் என்ன? உதிரிப்பாகம் வேண்டுமென்றால் டிக்காவுக்கு மூலைமுடுக்கெல்லாம் கிடைக்கும். அடுத்தவரிடம் கடன்கூட வாங்கலாம். முதல் துவக்கு வாங்கும் யாருக்கும் டிக்காவைச் சொன்னால் பிழை இல்லை என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

ஆனால் எனக்குத் தெரிந்த வேட்டையில் கவனம் குறைகிற நேரம் எல்க் முன்னால் நிற்கும் நேரம் இல்லை. வோக்கி டோக்கியில் "முடிந்தது, திரும்புங்கள்" என்று குரல் வந்த பிறகு. இருட்டுகிறது, கால் மரத்துப்போயிருக்கிறது, நாய் வந்து காலைச் சுற்றுகிறது, மனசு சூடான காப்பியில். அந்த நேரத்தில் கையில் இருப்பது ரவை ஏற்றிய துவக்கு. அப்போது ஒரு நொடிகூடப் பூட்டுத் திறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத துவக்கை எடுத்தேன். ஏற்றிய துவக்கின் முன்னால் வளர்ந்தவனுக்கு அந்த ஒரு நொடி பெரிது. பிரௌனிங்.

துவக்கைத் தெரிந்தெடுத்த உடனே கொண்டுவர முடியாது. ஒவ்வொரு துவக்குக்கும் பொலிஸுக்குத் தனி விண்ணப்பம். ஆள் நிதானமானவனா, நம்பத் தகுந்தவனா என்று பார்ப்பார்கள். அனுமதி வரும்வரை அது கடையிலேயே இருக்கும். வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டகம் வேண்டும். நிலவறைச் சுவரில் துளை போட்டுப் பூட்டியபோது மனைவி டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றா. திறப்பு எங்கே இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பது அவ போட்ட சட்டம்.

பிறகு ஆண்டுதோறும் சுடும் பரீட்சை. முதலில் 30 ரவைப் பயிற்சி, அப்புறம் 100 மீட்டரில் கலைமான் உருவத்தில் ஐந்து ரவை, ஐந்தும் 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள். இடத்தோளில், இடக்கண்ணில், போல்ட் சரியான பக்கம் இருக்கும் துவக்கோடு படுத்தபோது உடம்பு எதையும் கேட்கவில்லை. கோது என் முகத்தைவிட்டு எதிர்ப்பக்கம் பறந்தது. ஐந்தும் உள்ளே.

முதல் பருவத்தில் நான் ஒரு கன்றைச் சுட்டேன். சுட்டவனே வயிறு திறக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். முழங்கைவரை சூடான இரத்தம். தலைவர் பக்கத்தில் நின்று கத்தி எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். பங்கு இறைச்சியை மனைவி யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டினா. குழுவினர் எல்லோரையும் கூப்பிட்டோம். அதற்கு முன் அந்த வீடுகளில் ஒருவர்கூட எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை.

இப்போது தலைவரின் பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள். 14 வயதிலேயே இங்கே அதை எழுதலாம். அவளும் இடக்கை. இந்த வசந்தத்தில் திடலில் என் துவக்கை அவளுக்குக் கொடுத்தோம், தாத்தா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மார்ச் மாதமே கடையில் சொல்லிவைக்கச் சொன்னேன். இடக்கைத் துவக்கு செப்டம்பரில் தேடினால் கிடைக்காது. அவர் தன் பெயரில் வாங்கப் போவது டிக்கா. தன்னுடைய உதிரிப்பாகங்கள் பேத்திக்கும் உதவும் என்கிறார். நான் அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்கிறேன். காப்பி இடைவேளையில் அந்த வாதம் இன்னும் முடியவில்லை.