மடையடி நீர்மட்டம்: சென்சார் நாட்குறிப்பு

அக்டோபர் 5
பிசானச் சாகுபடிக்கு முன் வேலை முடிய வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கால்வாய்ப் பாசனக் குளம். மடையில் ஒரு மீட்டர் ஆழம் அளந்தால் போதும். அதற்கு எம்பிஎக்ஸ்5010 என்ற அழுத்த சென்சார்: 10 கிலோபாஸ்கல் வரை, அதாவது சுமார் 102 செ.மீ. தண்ணீர் வரை அளக்கும். உள்ளே சிலிக்கான் சவ்வு. அது வளைய, அதிலுள்ள மின்தடை மாறும். 1954-ல் சார்லஸ் ஸ்மித் அளந்து காட்டிய பண்பு இது.

5 வோல்ட் கொடுத்தால் 0.2 முதல் 4.7 வோல்ட் வரை வரும். அதைப் படிக்கும் வைஃபை மைக்ரோகண்ட்ரோலர் இஎஸ்பி32 அவ்வளவு தாங்காது, இரண்டு ரெசிஸ்டரால் பாதியாக்க வேண்டும். 10 கே (கிலோஓம்) ரெசிஸ்டர் இரண்டு போடாதீர்கள்: சென்சார் 0.1 மில்லிஆம்பியர்தான் தரும். 100 கே இரண்டு, வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிசி காலில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இஎஸ்பி32-இல் ஏடிசி இரண்டு; வைஃபை ஓடும்போது ஏடிசி2 படிக்காது. ஏடிசி1-இல் உள்ள 34, 35-ஆம் கால்களே சரி.

அக்டோபர் 7
சென்சார் கரையில், குழாய் தண்ணீரில். குழாயில் அடைபட்ட காற்றுதான் தண்ணீரின் அழுத்தத்தைச் சென்சாருக்குக் கொண்டுவரும். வெறும் 4 மி.மீ. குழாயை இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, 2 மீட்டர் குழாயில் தண்ணீர் 15 செ.மீ. ஏறிவிடும். அத்தனையும் குறைவாகக் காட்டும். 4 இஞ்ச் பிவிசி எண்ட் கேப்பைக் குழாய் முனையில் கவிழ்த்து மாட்டினால் பிழை 5 மி.மீ. அளவில் நிற்கிறது. கேப் சாயக்கூடாது, செங்கல்லோடு கட்டுங்கள். குழாய் எங்கும் தொய்யவும் கூடாது, தொய்வில் நீர்த்துளி தேங்கும்.

அக்டோபர் 12
மட்டம் நாளுக்கு நாள் இறங்கியது, குளமோ அப்படியே இருந்தது. கேப்பில் உள்ள காற்று தண்ணீரில் கரைகிறது. மீன்தொட்டி பம்ப்பை டி இணைப்பில் சேர்த்து, குமிழி வரும்வரை ஊதி, நிறுத்தி 30 வினாடி கழித்துப் படிக்கிறோம். பம்ப் பக்கம் காற்று திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம்.

அக்டோபர் 15
குளம் நிறைந்திருக்க, ராத்திரி 4 செ.மீ. குறைவு, விடிந்ததும் ஏறிவிடுகிறது. யாரோ மடையைத் திறக்கிறார்கள் என்று பேச்சு. அநியாயப் பழி! சோலார் பேட்டரி தளர்ந்து 5 வோல்ட் 4.8 ஆகியிருந்தது. இந்த சென்சாரின் வெளியீடு சப்ளையோடு சேர்ந்தே இறங்கும். சப்ளையையும் பாதியாக்கி 35-ஆம் காலில் படித்து, சென்சார் அளவை அதால் வகுத்தோம். கோடு நேரானது.

அக்டோபர் 19
நடுப்பகலில் 30 செ.மீ.க்கு மேல் சரிவு. சென்சாரின் வெளிக்காற்றுத் துளைக்கு வரும் குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. அடைபட்ட காற்று 10 டிகிரி சூடானால் 3.4 கிலோபாஸ்கல் கூடும், 34 செ.மீ. நீருக்குச் சமம். சென்சார் இரு பக்க அழுத்தத்தின் வித்தியாசத்தையே காட்டுவதால், அவ்வளவும் மட்டத்தில் கழிந்துவிடும். குழாய் வாயில் நைலான் வலை கட்டி, முனையைக் கீழ்நோக்கித் திருப்பினோம். மடைக்கல்லில் பெயிண்டால் போட்ட அளவுக்கோட்டில் 61 செ.மீ.; திரையில் 60.4.