தோட்டத்தில் தங்கி வேலை பழக வருகிறவர்களுக்கு

முதலில் பயிரை முடிவு செய்யுங்கள். எந்த மாதம் வரலாம் என்பதை அது சொல்லிவிடும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் நடுவது மே, ஜூனில். முழுசாகப் பழக ஒன்பது மாதம் ஆகும். இரண்டு மாதம்தான் முடியும் என்றால் பிப்ரவரியில் வாருங்கள். வெட்டு, வேகவைப்பு, காயவைப்பு மூன்றையும் பார்த்துவிடலாம். பொள்ளாச்சித் தென்னைக்கும் கறவை மாட்டுக்கும் மாதக் கணக்கு இல்லை.

கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் கோபியில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம், ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம், பவானிசாகர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுக்குத் துறைத்தலைவர் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதுங்கள். வேலை பழகினால் போதும் என்றால் உழவர் சந்தைக்குப் போங்கள். விடியற்காலையில் யாரிடமும் பேச முடியாது. எட்டு மணிக்கு மேல் கூடை காலியானதும், "ஏனுங்கண்ணா, ரெண்டு மாசம் தோட்டத்துல தங்கி வேலை பழகோணுமுங்க, ஆள் வேணுமுங்களா?" என்று கேளுங்கள். பால் சொசைட்டியிலும் உரக்கடையிலும் கேட்டு வையுங்கள். பயிற்சி தருகிறோம், முன்பணம் கட்டு என்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

தகராறு வருவதெல்லாம் பேசாமல் விட்டதால்தான். தங்கப்போகும் சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில், கதவும் கக்கூஸும் இருக்கிறதா, சாப்பாடு யார் பொறுப்பு, வாரத்தில் எந்த நாள் லீவு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அரை நாள் வேலைக்குச் சோறும் இடமும் சரி. முழு நாள் வேலை என்றால் கூலி கொடுத்தே ஆக வேண்டும். "பழகத்தானே வந்தே" என்பது பதில் ஆகாது. மருந்தடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மரம் ஏறுவதும் வேண்டாம்.

முதல் வாரமே தண்ணி கட்டச் சொல்வார்கள். சுலபமாகத் தெரியும், ஆனால் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இதில்தான். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் மடையை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறக்கப் போவார்கள். மோட்டார் தண்ணி நிற்காது. அதற்குள் வாய்க்கால் கரை உடைந்துவிடும். அடுத்த மடையை முதலில் வெட்டுங்கள். வெட்டிய மண்ணை மம்பட்டியோடு அப்படியே தூக்கி வந்து நிறைந்த பாத்தியை அடைத்து, காலால் மிதித்து விடுங்கள். மோட்டார் ஓட வேண்டிய திரீ பேஸ் கரண்ட் ராத்திரி முறையில் வந்தால் பூட்ஸும் டார்ச்சும் கட்டாயம். வரப்பில் கால் வைக்கும் முன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். எலி வளை இருந்தால் தண்ணி அதில் இறங்கிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும்.