மூன்று துறைகளும் ஒரு பேரேடும்

இயற்பியல், பொருளியல், நரம்பியல் ஆகிய மூன்றையும் தொட்டுக்கொண்டு ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் கணிதம் கடினமாக இருக்குமே என்றுதான் முதலில் பரிதாபப்படுகிறார்கள். என் அனுபவத்தில் கணிதம் மிக எளிதாகத் துறை மாறுகிறது. எதை அளக்கிறோம் என்பதில் மூன்று துறையினரையும் ஒரே மேசையில் ஒப்புக்கொள்ள வைப்பதில்தான் காலம் முழுவதும் போகிறது.

1900-இல் பாரிஸில் லூயி பஷெலியே பங்குச் சந்தை விலைகளின் தற்செயல் நடையை, அதாவது ஒவ்வொரு அடியும் தற்செயலாக ஏறியோ இறங்கியோ நகர்வதைத் தம் முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஐன்ஸ்டைன், நீரில் மிதக்கும் துகள்களின் பிரௌனியன் இயக்கத்துக்கு ஏறத்தாழ அதே கணிதத்தை வேறு வழியில் வந்தடைந்தார். பருத்தி விலைகளின் ஏற்ற இறக்கம் மணிவளைவுக்குள் (சராசரியைச் சுற்றியே பெரும்பாலானவை குவியும் வழக்கமான பங்கீட்டுக்குள்) அடங்காது என்று 1963-இல் காட்டிய மாண்டல்பிரோ, அடுத்த ஆண்டே கெர்ஸ்டைனுடன் சேர்ந்து ஒற்றை நரம்பணுவின் மின்துடிப்புகளைத் தற்செயல் நடையாக விளக்கினார். 1978-இல் ராட்கிளிஃப் அதே கருவியை, மனிதர் ஒரு முடிவை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குப் பொருத்தினார். இயற்பியலும் பொருளியலும் ஒரே சமன்பாட்டைப் பங்குபோட்டுக்கொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது; நரம்பியலும் சேர்ந்துகொண்டு அறுபதாண்டு ஆகிறது.

காரைக்குடியில் இயற்பியல் படித்த எங்களுக்கு இந்தக் கலப்பு அவ்வளவு அந்நியமாகத் தோன்றியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1953-இல் அது திறக்கப்பட்டது. அதன் நிழலில் வளர்ந்த மாணவர்களுக்கு, அயனிச் செறிவின் வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடும், அறை வெப்பநிலையில் அயனிச் செறிவு பத்து மடங்கு மாறினால் கிடைக்கும் 59 மில்லிவோல்ட் என்ற எண்ணும் மனப்பாடம். பிற்பாடு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையைப் பற்றி எழுதிய கட்டுரைகளைப் படித்தபோது, அங்கே பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் அதே நெர்ன்ஸ்ட்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பியலுக்குள் நுழைய எனக்குத் தனியாகக் கதவு தட்ட வேண்டியிருக்கவில்லை.

பொருளியல் அப்படி விட்டுவிடவில்லை. வாயு மூலக்கூறுகள் மோதி ஆற்றலைப் பரிமாறிக்கொள்வதுபோல மனிதர்கள் பணத்தைப் பரிமாறிக்கொள்வதாக வைத்துக்கொண்டு, செல்வப் பங்கீட்டை வருவிக்கும் மாதிரிகள் இயற்பியலாருக்கு மிகவும் பிடித்தமானவை. 1931-இலேயே மேகநாத் சாஹாவும் ஸ்ரீவாஸ்தவாவும் தங்கள் வெப்பவியல் பாடநூலில் வருமானப் பங்கீட்டை உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். இந்தத் துறைக்குப் பொருளியற்பியல் என்ற பொருள்படும் பெயரை யூஜின் ஸ்டான்லி சூட்டியதும் 1995-இல் கொல்கத்தாவில்தான். 2000-இல் ட்ராகுலெஸ்குவும் யாகவென்கோவும் காட்டியபடி, மொத்தப் பணம் மாறாமல் இருக்குமானால், யாரிடம் எவ்வளவு இருக்கும் என்பது, வாயு மூலக்கூறுகளிடையே ஆற்றல் பகிரப்படும் போல்ட்ஸ்மன் விதிப்படி அமையும். சராசரிப் பணம் வெப்பநிலையின் இடத்தில் நிற்கும். அழகான முடிவு. ஆனால் "மொத்தப் பணம் மாறாமல் இருக்குமானால்" என்ற அந்த நிபந்தனையைச் செட்டிநாட்டில் ஒரு பழைய பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தால் மனம் ஒப்பாது.

காரைக்குடிக்கு அருகே ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில், மரப்பெட்டிக்குள் கிடந்த, பர்மாவில் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடையின் கணக்குகளைப் பார்க்க, மூன்று துறையினரும் சேர்ந்த எங்கள் குழுவுக்கு அனுமதி கிடைத்தது. நீளவாக்கில் மடித்துத் தைத்த தாள்கள்; தலைப்பில் பிள்ளையார் சுழி; கீழே பிரமோதூத வருடம் என்று தொடங்கும் தேதி, அதாவது 1930 சித்திரை முதல் 1931 பங்குனி வரை. தொகைகள் ரூபாய், அணா, பை என்று இருந்ததால் (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை) ரூபாய்க்கு 192 பை என்று மாற்ற வேண்டியிருந்தது. தமிழ் மாதம் 29 நாளிலிருந்து 32 நாள்வரை நீளக்கூடியதாகையால், மாத வட்டியை நாள் வட்டியாக்கும்போது கணினி நிரலில் பஞ்சாங்கத்தையே ஒரு அட்டவணையாகச் சேர்க்க நேர்ந்தது. இப்படிப்பட்ட வேலைக்கு எந்த ஆய்விதழும் அரைப் பக்கத்துக்கு மேல் இடம் தருவதில்லை. ஆய்வின் பெரும்பகுதி அதுவாகவே இருந்தது என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பேரேட்டில் பணம் நகராமலேயே பற்றும் வரவும் எழுதப்பட்ட பதிவுகள் ஏராளம். ஒருவர் மேல் பற்று எழுதி இன்னொருவருக்கு வரவு வைத்தால் கையில் நாணயம் மாறாமலேயே கடன் பிறந்துவிடுகிறது. உண்டியல் (வேறு ஊரில் பணம் தரச் சொல்லும் சீட்டு) எழுதிக் கொடுத்தால் இங்கே செலுத்தியது ரங்கூனில் பணமாகிறது. இயற்பியல் நண்பர், கடனை எதிர்மறைப் பணமாகக் கொண்டு அதற்கு ஒரு கீழ் எல்லை வைத்தால் மாதிரி தப்பித்துவிடும் என்றார். ட்ராகுலெஸ்கு, யாகவென்கோ கட்டுரையிலேயே அந்த வழி இருக்கிறது என்பதும் உண்மைதான். அந்த எல்லையை யார் வைப்பது என்று பொருளியல் நண்பர் கேட்டதற்கு எங்களிடம் விடை இல்லை. பேரேட்டில் எல்லை ஆளுக்கு ஆள் மாறியது. நெல் விலை சரிந்த அந்த ஆண்டில் மாதத்துக்கு மாதம் மாறியது. அந்தச் சரிவில் கடன் நிலமாக மாறிக் கைக்கு வந்து, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் வசமுள்ள சாகுபடி நிலம் 1937-இல் ஏறத்தாழ 25 சதவீதமாயிற்று. பணம் நிலமாகும் இடத்தை எந்த மோதல் மாதிரியும் காட்டித் தரவில்லை.

நரம்பியல் பகுதிக்கு வருகிறேன். இன்று கிடைக்கும் சிறு தொகையா, பிறகு கிடைக்கும் பெரிய தொகையா என்று கேட்டு மனிதரின் பொறுமையை அளப்பது வழக்கம். உடனடிப் பலனுக்கும் தாமதப் பலனுக்கும் மூளையில் வெவ்வேறு அமைப்புகள் இயங்குவதாக 2004-இல் மக்ளூரும் உடனாசிரியர்களும் எழுதினார்கள். 2007-இல் கேபிளும் கிளிம்சரும் இரண்டுக்கும் ஒரே மதிப்பீட்டு அமைப்புதான் என்று மறுத்தார்கள். எங்கள் பங்கு மூளைப் படம் எடுப்பதல்ல. மடிக்கணினியில் கேள்வி காட்டி, விடைக்கு ஆகும் நேரத்தை மில்லி விநாடியில் பதிவதோடு சரி.

ஆயிரம் ரூபாய் இன்றைக்கா, 1,030 ரூபாய் அடுத்த மாதமா என்று கேட்டதுமே, கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், "மூணு ரூவா வட்டி" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் பொத்தானை அழுத்தினார். வயதான ஆச்சி ஒருவரோ பொத்தான் பக்கமே போகாமல், "யாரு தம்பி குடுக்கிறது? ஆளைச் சொல்லு, அப்புறம் நாளைச் சொல்றேன்" என்றார். நான்தான் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்றதற்கு, "நீன்னா ஒரு மாசம் பொறுப்பேன். உங்க ஆபீசுன்னா இன்னைக்கே வாங்கிக் குடுத்துரு" என்று பதில் வந்தது.

ராட்கிளிஃப் மாதிரி பெரும்பாலும் ஓரிரு விநாடிக்குள் முடியும் முடிவுகளுக்கானது. எங்கள் தரவில் பத்து விநாடியைத் தாண்டிய விடைகள் தனி மேடாக எழுந்து நின்றன. நரம்பியல் நண்பர் அவற்றை விலகல்களாகக் கருதி நீக்கிவிடலாம் என்றார். அவர் பயின்ற முறை அது. பொருளியல் நண்பருக்கு அந்த மேடுதான் ஆய்வின் உயிர்; ஏனென்றால் அந்த நேரத்தில் மக்கள் வட்டியைக் கணக்கிட்டு ஊர் வட்டியோடு ஒப்பிட்டார்கள். கடன் வாங்கவும் கொடுக்கவும் சந்தை இருக்கும்போது, இப்படிப்பட்ட தெரிவு ஒருவரின் பொறுமையை அல்ல, சந்தையின் வட்டி விகிதத்தையே காட்டும் என்பது இர்விங் ஃபிஷர் 1930-இல் எழுதியதிலிருந்து வரும் வாதம். அந்த ஃபிஷரின் ஆசிரியர்களில் ஒருவர் இயற்பியலாளர் கிப்ஸ் என்பதை நினைவூட்டியபோது எங்கள் இயற்பியல் நண்பர் மட்டும் மகிழ்ந்தார்.

கடைசியில் நீண்ட விடைகளை நீக்காமல், இரு வகையாகப் பிரித்துத் தனித்தனியே பகுப்பாய்வு செய்வது என்று முடிவாயிற்று. கட்டுரையை அனுப்பியபோது ஒரு மதிப்பீட்டாளர் இதில் பொருளியல் இல்லை என்றும், இன்னொருவர் இதில் பொருளியல் மட்டுமே இருக்கிறது என்றும் எழுதினார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடன் உழைக்கும் மாணவியின் கவலை வேறு: உதவிப் பேராசிரியர் பணிக்கான விளம்பரங்களில் 'தொடர்புடைய பாடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அவர் எந்தத் துறையை எழுதினாலும் மற்ற இரண்டில் செய்த வேலை கணக்கில் வராது. இப்போதைக்கு அவர் இயற்பியல் என்று எழுதுகிறார். அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில், பணம் தருபவர் யார் என்ற வரியை ஒவ்வொரு கேள்விக்கு மேலும் சேர்த்திருப்பவரும் அவர்தான்.