வெள்ளிக்கட்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பெரியம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். கட்டைப் பிரித்தால் துணியெல்லாம் சாம்பல் கறை. "என்னடா, கருத்துப்போச்சு?" என்று பதறிவிட்டார். வெள்ளிதான் பெரியம்மா, பயப்படாதீங்க என்றேன். "அப்போ என் கொலுசை அரைச்சுப் பூசியிருக்கலாமே!"

கொலுசுக்கு அந்தச் சக்தி இல்லை. சில கட்டுத்துணிகளில் கண்ணுக்கே தெரியாத நானோ அளவு வெள்ளித் துகள்கள் இருக்கும். ஈரம் பட்டதும் அதிலிருந்து கசியும் அயனிகள் (மின்னூட்டம் உள்ள வெள்ளி அணுக்கள்) பாக்டீரியாவின் மேல்சவ்வைப் பிய்த்து, உள்ளிருக்கும் புரதங்களையும் கெடுக்கும். ஒரே நேரத்தில் பல பக்கமும் அடி விழுவதால் கிருமி பழகிக்கொள்வது கடினம். ஆனால் வெள்ளியையும் தாங்கும் கிருமிகள் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது நம்ம டர்பனில் நடக்கும் வேலை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாக்டீரியாவைக் கொல்லும் 1950களின் பழைய மருந்தான வான்கோமைசினையே நானோ துகளுக்குள் பொதிந்து பார்க்கிறார்கள். தொற்று உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடுதல். அங்கே போனதும் துகள் அவிழ்ந்து மருந்தைக் கொட்டும். சாதா மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியிடம் இது எலிகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மனிதர்களுக்கு வர இன்னும் நாளாகும்.

அவசரம் இல்லாமலும் இல்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பீடு.

இதைப் படித்துவிட்டு "வெள்ளித் தண்ணீர்" பாட்டில் வாங்கிக் குடிக்காதீர்கள். தோல் நீலச் சாம்பலாகிவிட்டால் அப்படியேதான் இருக்கும். அந்த பாட்டில் விளம்பரத்தை இங்கே கமெண்டில் போட்டால் உடனே பிளாக்.