கத்தரிப்பூ போன கதை

ஜூன் 9, 2024, ஞாயிறு

வரும் வியாழன் மகளின் பள்ளியில் 'வாய் க்ரூ'. பாங்காக் வந்த புதிதில் இதைக் கேட்டு, யாருடைய வாய் என்று விழித்திருக்கிறேன். வாய் என்றால் கைகூப்பி வணங்குவது. க்ரூ நம் குருவேதான். பிள்ளைகள் ஆசிரியருக்குப் பூத்தட்டு கொடுத்து வணங்கும் விழா. கிழமையும் சும்மா இல்லை. வியாழனுக்குத் தாய்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயரிலேயே பிரகஸ்பதி இருக்கிறார்.

"ஆசிரியர் தினம்னு பாட்டிகிட்ட சொல்லிடாதம்மா, அது ஜனவரி 16" என்று மகள் திருத்தினாள். அன்றைக்கு லீவு, அதனால் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வகுப்புக்கு ஒரு பூத்தட்டு. இந்த முறை பொறுப்பு இவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும். வேண்டியவை: இட்லிப்பூ, அருகம்புல், நெல்பொரி, கத்தரிப்பூ.

ஜூன் 11, செவ்வாய்

பாக் க்லோங் தலாத் பூச்சந்தை. சாமந்தி மூட்டை மூட்டையாக. இட்லிப்பூ கிடைத்தது. வாடாமல்லியும் வாங்கினோம், அதற்கு இவர்கள் மொழியிலும் வாடத் தெரியாத பூ என்றுதான் பெயராம். கத்தரிப்பூ மட்டும் நாங்கள் போன நேரத்தில் இல்லை.

ஜூன் 12, புதன்

பால்கனித் தொட்டியில் என் கத்தரிச்செடி முதல்முறையாக நாலைந்து பூ விட்டிருந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய்க் கனவில் இருந்தேன்.

"பறிச்சுக்கட்டுமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? பறித்தபடியே பாடம் எடுத்தாள். இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி, அறிவு கூர்மையாக. அருகம்புல் மிதித்தாலும் படரும். பொரி சட்டிக்குள்ளேயே துள்ளும், அது கட்டுப்பாடு. கத்தரிப்பூ காய்க்கப்போகும்போது தலை குனியும், அது பணிவு. இத்தனை வருஷம் கத்தரிக்காய் நறுக்கியவள், அந்தப் பூ குனிந்திருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

அப்புறம் இரவு பத்து வரை வேலை. களிமண் உருண்டையில் குண்டூசியால் வாடாமல்லியை ஒவ்வொன்றாகக் குத்தி வரிசை கட்டினோம். மூன்றாவது வரிசை கோணிப் பிடுங்கினோம். சரி, வகுப்பில் இதைவிடக் கோணலானதும் வரும்.

ஜூன் 13, வியாழன்

பெற்றோருக்கு அழைப்பில்லை. சாயங்காலம் அவள் சொன்னதுதான்.

எல்லோரும் கைகூப்பிப் பாலி மொழியில் வணக்கப்பாட்டு பாடினார்களாம். அதில் வரும் 'ஆசரியா' நம் ஆசிரியரேதான் என்றேன், தெரியும் என்றாள். அப்புறம் முழங்காலிலேயே நகர்ந்துபோய்த் தட்டைக் கொடுத்துத் தரையில் நெற்றிபட வணங்கியிருக்கிறார்கள். அவளுக்கு முழங்கால் சிவந்திருந்தது, தட்டு சாய்ந்து பொரி கொஞ்சம் கொட்டியும் விட்டது.

"டீச்சர் திட்டினாங்களா?"

"இல்ல. பூவைத் தொட்டுப் பாத்து, இது உங்க வீட்டுச் செடியான்னு கேட்டாங்க."

மீதி அருகம்புல்லைப் பிள்ளையார் படத்துக்கு வைத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தால், இலைக்கடியில் ஒரு பூ தப்பியிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.