சீசனுக்கு முன் பாருக்கு ஹெல்பர் எடுப்பவர்களுக்கு

சித்திரை வருசம் முடிந்ததும் கிழக்கிலங்கைக் கடற்கரைகளான அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் ஆள் சேர்க்கிற வேலை சூடுபிடித்துவிடும். எல்லோரும் முதலில் தேடுவது பார்மேனைத்தான். கொழும்பில் வேலை செய்தவரா, காக்டெயில் தெரியுமா, இங்கிலீஷ் பேசுவாரா என்று ஒன்றுக்கு மூன்று பேரைப் பார்த்து எடுப்பார்கள். கிளாஸ் கழுவ, ஐஸ் தூக்க, காலிப் போத்தல் பொறுக்க ஹெல்பர் வேண்டுமே என்ற நினைப்பு திறப்பதற்கு முந்தின வாரம்தான் வரும். அந்த அவசரத்தில் யாருடைய மச்சானோ மருமகனோ வந்து நிற்பார். ஜூலை மாதத்துச் சனி இரவில் பார் திக்குமுக்காடும்போது குறை எங்கே என்று பார்த்தால், ஊற்றுகிற கை சுணங்கியிருக்காது. அந்தக் கைக்குக் கிளாஸும் ஐஸும் வந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 120 பேர் இருக்கிறார்கள், ஒருவர் மணிக்கு ஒன்றரைக் கிளாஸ் குடிக்கிறார் என்றால் மணிக்கு 180 கிளாஸ் வெளியே போகிறது, அதாவது நிமிசத்துக்கு மூன்று. ஒரு கிளாஸ் வாடிக்கையாளரிடம் சுமார் 40 நிமிசம் இருக்கும். ஆகவே எந்த நேரமும் 120 கிளாஸ் மேசைகளில் கிடக்கும். உங்களிடம் மொத்தம் 150 கிளாஸ் என்றால் கழுவுவதிலும் காய்வதிலும் இருக்கக்கூடியது 30. அது பத்து நிமிசத்துக்குத்தான் காணும். ஹெல்பர் ஒரு சிகரெட்டுக்குப் போய் கால் மணி நேரம் கழித்து வந்தால் பார்மேன் ஈரம் காயாத கிளாஸில் ஊற்றத் தொடங்குவார். இரண்டு பார்மேனுக்கு ஒரு ஹெல்பர் என்பதை அடிக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் மேசை போட்டிருந்தால் கிளாஸ் சேகரிக்க மட்டும் தனியாக இன்னொருவர் தேவை. அங்கே கிளாஸ்கள் படகடி, தென்னையடி, பாய்க்கடி என்று சிதறிக் கிடக்கும்.

அடுத்தது பாரம். 625 மில்லி பியர் 12 போத்தல் உள்ள பெட்டி கிட்டத்தட்ட 15 கிலோ. 50 லீட்டர் கெக் (பியர் பீப்பாய்) நிறைந்திருந்தால் 60 கிலோவுக்கு மேல். அதை ஒருவர் தனியாகத் தூக்கவே கூடாது, சாய்த்து உருட்ட வேண்டும். ஐஸ், கரைவதையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. 120 பேர் வரும் இரவில் 150 கிலோ என்று வையுங்கள், பத்துக் கிலோ வாளியில் பதினைந்து நடை. நேர்முகத்தில் "பாரம் தூக்குவீங்களா தம்பி?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் ஒரு பெட்டியைக் காட்டி, ஸ்டோரிலிருந்து கூலர் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். முழங்காலை மடித்துத் தூக்குகிறாரா, இடுப்பை வளைத்துத் தூக்குகிறாரா என்று பாருங்கள். இடுப்பை வளைப்பவர் இளம் ஆளாக இருந்தாலும், சொல்லிக் கொடுத்து மாறாவிட்டால் ஆவணிக்குள் முதுகுவலியோடு வீட்டில் கிடப்பார்.

ஐஸ் பற்றி இந்தப் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். வாழைச்சேனையிலும் கல்முனையிலும் பொத்துவிலிலும் மீனுக்குப் போடும் கட்டி ஐஸ் இலேசாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஐஸ் முடிந்துபோன இரவில் புதிய ஹெல்பர் அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். நல்லெண்ணத்தில்தான் செய்வார். பெட்டியில் அடைத்த போத்தலைக் குளிராக்க அது பரவாயில்லை. கிளாஸுக்குள் போகவே கூடாது. முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். கிளாஸாலேயே ஐஸ் அள்ளும் பழக்கத்தையும் அன்றே நிறுத்த வேண்டும். ஐஸ் பெட்டியில் கிளாஸின் விளிம்பு உடைந்தால் துண்டு கண்ணுக்குத் தெரியாது.

இதை நேர்முகக் கேள்வியாகவே வைக்கலாம்: "ஐஸ் பெட்டிக்குள்ள கிளாஸ் உடைஞ்சா என்ன செய்வீங்க?" பெரிய துண்டுகளைப் பொறுக்கி எடுப்பேன் என்று சொன்னால் அனுபவம் இல்லை என்று அர்த்தம்; அதற்காக ஆளைத் தள்ள வேண்டாம், சொல்லிக் கொடுக்கலாம். சரியான முறை இதுதான். உடனே அந்தப் பெட்டியில் அள்ளுவதை நிறுத்தி, பார்மேனுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வேறு யாரும் மறந்து அள்ளாதபடி ஐஸின் மேல் சிவப்பு சிரப் ஊற்றி நிறம் மாற்ற வேண்டும். பிறகு சுடுநீர் ஊற்றி முழுவதையும் கரைத்து, அடியில் தங்கும் துண்டுகளைத் துணியால் அல்லாமல் தடித்த பேப்பரால் துடைத்தெடுத்து, பெட்டியைக் கழுவித்தான் புது ஐஸ் போட வேண்டும். இருபது நிமிசம் போகும். கூட்டம் நிறைந்த இரவில் இதைச் செய்யத் துணியும் ஹெல்பரை முதலாளி ஏசக்கூடாது. ஒருமுறை ஏசினால் அடுத்தமுறை அவர் சொல்லாமல் மறைத்துவிடுவார்.

ஆளைத் தெரிந்தெடுக்க வாய்ப்பேச்சை நம்பாமல், சம்பளம் கொடுத்து மூன்று மணி நேரம் வேலை செய்ய வைத்துப் பாருங்கள். ஆளில்லாத செவ்வாய்க்கிழமையில் வைத்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளி அல்லது சனி இரவு ஏழிலிருந்து பத்து வரை நல்லது. நான்கு விசயம் போதும். ட்ரேயில் கிளாஸ் எடுக்கும்போது விரல் உள்ளே போகிறதா, அடிப்பக்கத்தைப் பிடிக்கிறாரா? மேசைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்புகிறாரா? கூலரில் புதுப் போத்தலை முன்னால் வைக்கிறாரா, பழையதை முன்னுக்கு இழுத்துவிட்டுப் பின்னால் வைக்கிறாரா? கடைசியாக, யாரும் ஒன்றும் சொல்லாத ஐந்து நிமிசத்தில் என்ன செய்கிறார்? நான்காவதுதான் எனக்கு முக்கியம். போனை எடுப்பவரும் இருக்கிறார்கள், தேசிக்காய் வெட்டுகிற பலகையைத் துடைப்பவரும் இருக்கிறார்கள். முடிவில் தீர்ப்பைப் பார்மேனிடம் கேளுங்கள், மனேஜரிடம் வேண்டாம். ஆறு மாதம் அவரோடு தோள் உரசி நிற்கப் போகிறவர் பார்மேன்தான்.

கழுவுகிற முறையை எழுதித் தொட்டிக்கு மேலே ஒட்டுங்கள். மூன்று தொட்டி: முதலில் கை பொறுக்கும் சூட்டில் சவர்க்காரத் தண்ணீர், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் குளோரின். 5 சதவீத ப்ளீச் என்றால் பத்து லீட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். கூட ஊற்றினால் கிளாஸ் மணக்கும். ஒரு நிமிசம் ஊறவிட்டு, கவிழ்த்துக் காற்றில் காயவிட வேண்டும். துணியால் துடைப்பது கிருமியைத் திரும்பப் பூசுகிற வேலை. பியர் நுரை நிற்கவில்லை என்று முறைப்பாடு வந்தால் பியரைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸைப் பாருங்கள். சமையலறைத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவினால் எண்ணெய்ப் படலம் ஒட்டும், அது நுரையைக் கொல்லும். பார் கிளாஸுக்குத் தனி ஸ்பாஞ்ச், தனித் தொட்டி. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் மருத்துவப் பரிசோதனை செய்து சான்றிதழ் எடுக்கவும் சீசனுக்கு முன்பே நாள் ஒதுக்குங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேட்கும் நாளில் ஓடித் திரிய முடியாது.

இங்கே ஆள் எடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. பொத்துவில், உல்லை, ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் பலர் ஹோட்டல் வேலைக்கு வருவார்கள், ஆனால் மது உள்ள கிளாஸைத் தொட மனம் ஒப்பாது. "பாரில் வேலை" என்று மேலோட்டமாகச் சொல்லி எடுத்துவிட்டுப் பிறகு போத்தலைக் கையில் கொடுப்பது இருவருக்கும் அநியாயம். என்ன தொட வேண்டியிருக்கும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். விருப்பமில்லாதவருக்குச் சமையலறையோ அறைப் பக்கமோ இருக்கும். வயதைப் பொறுத்தவரை 21 நிறையாதவருக்கு மது விற்கச் சட்டம் இடம் தராது. பாருக்கு எடுக்கும் ஆளும் 21 தாண்டியவராக இருந்தால் வயது வராத நண்பர்கள் வந்து மது கேட்கும் தொல்லை குறையும். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை மூன்றையும் வாங்கி வையுங்கள்.

லீவு விசயத்தில்தான் வெளியூர் மனேஜர்கள் ஒவ்வொரு வருசமும் சறுக்குகிறார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் மட்டக்களப்புப் பிள்ளை ஊருக்குப் போயே தீருவான். சம்பளத்தை வெட்டுவேன் என்றாலும் போவான். ஆடியில் கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் உகந்தை வழியாகப் போகிறார்கள், அதே நேரம் மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம் நெருங்கும். ஆவணி, புரட்டாதியில் வேளாண்மை வெட்டு. நோன்பும் பெருநாளும் வருசா வருசம் முன்னே நகரும். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். ஆள் எடுக்கும் அன்றே கலண்டரை விரித்து, "தம்பி, எந்தெந்த நாள் உங்களுக்குக் கட்டாயம்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதிச் சண்டை இல்லாமல் போகும். எல்லோரையும் ஒரே ஊரிலிருந்து எடுத்தால் ஒரே கோயிலுக்கு எல்லோரும் போவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் மது விற்பனை இல்லை. அந்த நாளை முழு லீவாக விடாமல், பாதிப் பேரை வைத்துக் கூலரின் பின்பக்கம், வடிகால், அலுமாரி எல்லாவற்றையும் கழுவிவிடலாம். பியர்க் குழாய் கழுவும் மருந்து தோலைப் பொசுக்கும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஹெல்பரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.

சம்பளத்தை மறைத்துப் பேசுகிற பழக்கம் போக வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்குக் கீழே போக முடியாது. வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) முதலாளி பங்கு 12 சதவீதம், தொழிலாளி பங்கு 8 சதவீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம். "சீசன் ஆள்தானே" என்று இதைத் தவிர்ப்பவர்கள் பிறகு தொழில் திணைக்களத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஹெல்பரை நிறுத்திவைப்பது சர்வீஸ் சார்ஜ்தான். பில்லில் பத்து வீதம் எடுக்கிறோம் என்றால் அது எப்படிப் பிரிகிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். பார்மேனுக்கு மூன்று புள்ளி (பங்கு), ஹெல்பருக்கு இரண்டு புள்ளி என்பது நியாயமான பிரிப்பு. ஹெல்பருக்கு அரைப் புள்ளி கொடுத்துவிட்டு விசுவாசம் எதிர்பார்ப்பவர்கள், பக்கத்து இடம் ஐயாயிரம் கூடக் கொடுத்ததும் அவர் போவதைக் கண்டு ஆச்சரியப்படக் கூடாது.

இரவுப் பயணத்தைப் பலர் யோசிப்பதில்லை. வேலை முடிகிற நேரத்தில் திருக்கோவிலுக்கோ அக்கரைப்பற்றுக்கோ பஸ் இல்லை. பாணமை வீதியிலும் லகுகலைப் பக்கமும் இரவில் யானை நிற்கும். களைத்துப் போன பிள்ளையை மோட்டார் சைக்கிளில் அனுப்புவது பொறுப்பான செயல் இல்லை. ஃபேன் உள்ள, நுளம்பு வலை உள்ள ஒரு அறை, பூட்டுகிற அலுமாரி, இரவுச் சாப்பாடு கொடுங்கள். சாப்பாடு கூட்டம் தொடங்கும் முன் ஆறு மணிக்கே இருக்கட்டும்.

காலிப் போத்தல் எண்ணிக்கையை ஹெல்பரிடமே ஒப்படையுங்கள், ஆனால் தாளில் எழுதி, பார்மேனும் கையெழுத்து வைக்க வேண்டும். விற்றதும் காலியும் பொருந்தாவிட்டால் அன்றிரவே பேசி முடிக்கலாம். சாராயம், விஸ்கிக் காலிப் போத்தல்களை முழுசாக வெளியே விடாதீர்கள். ஸ்டிக்கரோடு போகும் போத்தலில் கள்ளச் சரக்கு நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள், பெயர் கெடுவது உங்கள் பாருக்கு. லேபிளைக் கிழித்துப் போடுவது ஹெல்பரின் கடைசி வேலையாக இருக்கட்டும்.

ஐப்பசியில் மழை வந்ததும் ஆட்கள் கலைவார்கள். கடைசிச் சம்பளத்தை, சர்வீஸ் சார்ஜ் பாக்கியோடு, அவர்கள் பஸ் ஏறும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். சீசன் முடியும் வரை நின்றவருக்கு அரை மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. மாரி வேளாண்மை வெட்டு முடியும் மாசி, பங்குனியில் நல்லவர்களுக்குப் போன் பண்ணி அடுத்த வருச இடத்தைச் சொல்லிவைத்தால் சித்திரைக்குப் புதிதாகத் தேட வேண்டியது ஓரிருவர்தான்.